பெரிய எம், சின்ன எஸ்

1986இல் திருச்சியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் வாரமே நான் அடித்த சுற்றறிக்கை ஒன்று கிழிபட்டது. வாக்கியத்தின் நடுவே வந்த 'மேனேஜர்' என்ற சொல்லுக்குச் சின்ன எம் போட்டிருந்தேன். "யாரைப் பத்தி அடிக்கிறோம்னு தெரிஞ்சு அடிம்மா" என்றார் ஹெட் கிளார்க். மூன்று கார்பன் தாள்களைச் செருகி மறுபடியும் அடித்தேன்.

அந்தக் கால ரெமிங்டனில் பெரிய எழுத்துக்குப் பலம் வேண்டும். சுண்டுவிரலால் ஷிப்ட் கீயை அடிவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி அழுத்தினால் எழுத்து வரியை விட்டு விலகி நிற்கும். மேனேஜர், ஆபீசர், டைரக்டர் என்று நாள் முழுக்க அழுத்தி, சாயங்காலம் விரல் வலிக்கும். அதே தாள்களில் வாட்ச்மேனும் ஸ்வீப்பரும் வருவார்கள். அவர்களுக்குச் சின்ன எழுத்துதான். யாரும் சொல்லித்தரவில்லை; நானாகவே அப்படித்தான் அடித்தேன்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. நாம் மரியாதையை 'வந்தார்' என்பதன் 'ஆர்' விகுதியில் வைக்கிறோம். பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இடம் தேடிய நாம், அதைப் பெரிய எழுத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

இப்போது சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு ஆங்கில மெய்ப்புப் பார்க்கிறேன். மேசையில் சிகாகோ நடைக் கையேடு இருக்கிறது. அதன்படி, பதவி பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய எழுத்து. பின்னாலோ தனியாகவோ வந்தால் சின்ன எழுத்து. 'பிரசிடென்ட் ஒபாமா' என்றால் பெரிய பி. 'ஒபாமா, அமெரிக்காவின் பிரசிடென்ட்' என்றால் சின்ன பி. முகவரியிலும் கையொப்பத்தின் கீழும் பதவிக்குப் பெரிய எழுத்து உண்டு; ஓடுகிற வாக்கியத்தில் இல்லை. அன்று எதற்காகத் திட்டு வாங்கினேனோ, அப்படியே எழுதச் சொல்லி இன்று சிவப்பு மையில் திருத்துகிறேன்.

பெரிய எழுத்தில் மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அந்நாளில் வழங்கிய 'நீக்ரோ' என்ற சொல்லுக்குப் பெரிய என் வேண்டும் என்று டு பாய்ஸ் போன்ற கறுப்பினச் சிந்தனையாளர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1930இல்தான் நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றது. 2020இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 'பிளாக்' என்பதற்குப் பெரிய பி கொடுத்தது. ஒரு மக்களின் பெயருக்குச் சேர வேண்டியது அது. பதவி என்பது பெயரல்ல, செய்கிற வேலை. வேலைகளில் ஒன்றைத் தூக்கி ஒன்றைத் தாழ்த்தி அடித்தது என் கை.

அந்த ஆபீசின் கார்பன் பிரதி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. தீபாவளி போனஸ் பட்டியல். பதவிக் கட்டத்தில் மேனேஜருக்குப் பெரிய எம், ஸ்வீப்பருக்குச் சின்ன எஸ். பெயர்க் கட்டத்தில் மட்டும் இருவருக்கும் பெரிய எழுத்து. இரண்டு முறையும் ஷிப்ட் கீயை அடிவரை அழுத்தியிருக்கிறேன்; இரண்டு எழுத்தும் வரியில் நேராக நிற்கின்றன.