ஆறு மாச அமெரிக்கர்

சேலத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கமென்றால் மாடிக்கு ஒருவர். மகன் நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ இருப்பான். பேரன் பிறந்த கையோடு சுற்றுலா விசாவில் போய், விமான நிலையத்து அதிகாரி கொடுத்த ஆறு மாதத்தையும் ஒரு நாள் மிச்சம் வைக்காமல் இருந்து தீர்த்துவிட்டு வந்திருப்பார். அவரிடம் 'ஊர் எப்படி இருந்தது?' என்று கேட்டுவிடக் கூடாது. கேட்காவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

என் மனைவியின் பெரியப்பா இந்த இனம். போன மே மாதம் வெயிலுக்கு ஒதுங்க ஏற்காட்டுக்கு அழைத்துப் போனோம். காலை ஆறு மணிக்குக் காரில் ஏற வந்தவர் நேராக வலப்பக்க முன்கதவைத் திறந்தார். உள்ளே டிரைவர் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அங்க இது நம்ம சைடு" என்றார் மாமா, சற்றும் கூசாமல். அவர் கைக்கடிகாரத்தில் மணி எட்டரை. முந்தின நாள் ராத்திரி எட்டரை.

அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தார். மாமா ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்தினார். "ஆறு மாசத்துல ஒரு ஹாரன் காதுல விழல, மாப்ளே." ஏழாவது வளைவில் டிரைவர் பொறுக்கமாட்டாமல், "அங்க கொண்டை ஊசி இருக்குங்களா?" என்றார். பதில் பதினோராவது வளைவு வரை யோசனையிலிருந்தது. அதற்குள் எதிரே சத்தமே இல்லாமல் ஒரு பஸ் மூக்கை நீட்ட, "அடிப்பா, ஹாரன அடி!" என்று அலறியவர் மாமாதான்.

இவர்களுடைய கணக்கே தனி. அங்கே இருக்கும்வரை பெருக்கல், இங்கே வந்தபின் வகுத்தல். நியூஜெர்சியில் 5 டாலர் காப்பியை 85-ஆல் பெருக்கி, "425 ரூபாயாடா!" என்று கோப்பையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாராம், மகன் சொன்னான். ஏற்காட்டில் 60 ரூபாய் தோசையை அதே 85-ஆல் வகுத்து, "எழுபது சென்ட்! சும்மா கொடுக்கறான்" என்றார். தின்று முடித்ததும் தீர்ப்பு: ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசை மாதிரி இல்லை. நியூயார்க்கில் 1977-இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலின் அடித்தளத்தில் சாப்பிட்டபோது இவர் சொன்னது, "அப்படியே நம்ம ஊர் தோசை." வெளியே வந்து மிளகு விற்ற அம்மாவிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் மல்லுக்கட்டினார். அங்கே பேரமே கிடையாது, அதுதான் நாகரிகம் என்று ஏரிக்கரையில் அரை மணி முன்பு பாடம் எடுத்தவர். பத்து ரூபாய் எத்தனை சென்ட் என்று கேட்க என் நாக்கு துறுதுறுத்தது. மாமனார் முறை, விட்டுவிட்டேன்.

கிளியூர் அருவி விஷயமும் இப்படித்தான். 300 அடி உயரம். நயாகரா 200 அடிக்குள். அங்கே மழைச்சட்டை போட்டுப் படகில் நின்றபடி, "எங்க கிளியூர் இதைவிட உசரம்" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னாராம். இங்கே மே மாதம், அருவியில் பாறைதான் வழிகிறது. "உசரம் என்ன உசரம், தண்ணி வேணாமா? நயாகரால பாக்கணும்..." என்று ஆரம்பித்தார்.

ஆனால் மாமாவை மட்டும் குறை சொல்லக் கூடாது. இந்த மலைக்கு இது பழைய வியாதி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச்செடி கொண்டுவந்து வைத்தார். பின்னால் வந்த துரைமார்கள் பங்களா கட்டி, கணப்படுப்பு மூட்டி, பாறைகளுக்கு லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட் என்று பேர் வைத்தார்கள். வந்த ஊரில் உட்கார்ந்து விட்டுவந்த ஊரைத் தேடுவது அவர்களுக்கும் இருந்திருக்கிறது. மாமாவுக்கு ஓர் எஸ்டேட் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அத்தையும் அதே ஆறு மாதம் அங்கே இருந்தவர்தான். அவருடைய பயணக் கட்டுரை ஒரே வரி: "டிஷ்வாஷர் இருந்துச்சு, அதுல பாத்திரத்தை அடுக்கி வெச்சோம், கழுவினது நான்."

சேர்வராயன் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது இருக்கும். மலையின் உச்சி, 5,326 அடி. மரம் அதிகமில்லாத மொட்டை வெளி, செம்மண், ஆளைத் தள்ளும் காற்று. கோயில் என்பது ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குகை காவிரி வரைக்கும் போகிறது என்று மலைக்காரர்கள் சொல்வதை டிரைவர் சொன்னார். "நியூயார்க் பக்கம் ஹோவ் குகைன்னு ஒண்ணு, லிஃப்டுலயே இறக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே மாமா பாறையில் உட்கார்ந்து தன் வெள்ளை ஷூவின் இரட்டை முடிச்சை அவிழ்த்தார். சாக்ஸைச் சுருட்டி உள்ளே திணித்தார். ஆறு மாதம் வெளியே தெரியாத பாதம், ஷூவைவிட வெளுப்பாக இருந்தது.

உள்ளே போக இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். அத்தை பாட்டுக்குக் குனிந்து போய்விட்டார். மாமா தலையில் ஒரு கை வைத்து, இன்னொரு கையால் பாறையைத் தடவித் தடவிப் போனார். ஈரத்தரை, சில்லிட்டதும் "ஸ்ஸ்" என்றார். பூசாரி தீபம் காட்டினார். கையெடுத்துக் கும்பிட்டு நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் வாயிலிருந்து ஓர் 'அங்க' வரவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து அதுதான் முதல் ஐந்து நிமிடம்.

வெளியே வந்தவுடன் மகனுக்கு வீடியோ கால் போட்டார். அங்கே ராத்திரி பதினொன்றரை. கடிகாரம் அதற்குத்தானே இருக்கிறது.

"டேய், பாருடா, சேர்வராயன் சாமி!" போனைக் காற்றுக்கு நேராகப் பிடித்தார். "என்னா காத்து! அங்க என்னடா இருக்கு? வீட்டை விட்டா காரு, காரை விட்டா கடை. தெருவுல ஒரு மனுஷ முகம் உண்டா? சாயந்திரமானா ஒரு தட்டுவடை செட்டுக்கு வழியுண்டா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் சேலத்துப் பக்கம் பார்த்தேன்.

மகன் தூக்கக் கலக்கத்தில், "அப்ப அடுத்த வருசம் வரலையாப்பா?" என்றான்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.

"வரலைன்னு யார்ரா சொன்னா? இலையெல்லாம் செவக்குமே, அந்தச் சமயமா பாத்து டிக்கெட் போடு. உங்கம்மாவுக்குத்தான் ஆசை."

அத்தை பத்தடி தள்ளி, மாங்காய்த் துண்டில் மிளகாய்த்தூள் பத்தவில்லையென்று கடைக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.