ஆசன வாத்திய விசாரம்

வாத்தியங்களைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பகுத்துவைத்த நம் முன்னோர், மனிதன் ஏறி உட்கார்ந்துகொண்டு தன் முழங்கால்களுக்கு நடுவே தட்டத்தக்க மரப்பெட்டி ஒன்றும் சங்கீத உலகில் பிரவேசிக்கும் என்று ஊகித்திருக்க நியாயமில்லை. பெரு தேசத்தில் தோன்றிய கஹோன் என்னும் இப்பெட்டிக்குத் தோல் கிடையாது. முதுகுப் பலகையில் வட்டமாக ஒரு துளை உண்டு. அதில் வாய்வைத்து ஊதுவார் இல்லை. ஸ்பெயின் தேசத்தில் பயிலும் வகையில், முன்பலகைக்கு உட்புறமாகக் கிதார்த் தந்திகளைக்கூட இழுத்துக் கட்டுகிறார்கள், மீட்டுவார் இல்லை. தந்தியும் திருகாணியும் நீங்கலாக உலோகமும் இல்லை. 1914இல் உலகத்து வாத்தியங்களுக்கெல்லாம் எண்ணிட்டு ஜாதகம் கணித்த ஹார்ன்பாஸ்டல், ஸாக்ஸ் என்னும் பண்டிதர் இருவரின் முறைப்படி இது தன் உடலே ஒலிக்கும் இனத்தைச் சேரும். ஆனால் அதன்மேல் அமர்ந்திருப்பவரின் உடலும் கூடவே அதிர்கிறதே, அதனை எந்த இனத்தில் சேர்ப்பது?

இதன் உற்பத்தியைப்பற்றி இரு மதங்கள் உண்டு. பெருவின் கடற்கரைப் பிரதேசத்துக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், பேரிகை விலக்கப்பட்டமையால் சரக்குப் பெட்டியை நாடினர் என்பது ஒன்று. அவர்கள் கைக்கு எட்டியது பெட்டியே என்பது மற்றொன்று. எனக்கு முதல் மதத்தின்மீதுதான் பிரியம். பேரிகையைப் பறிமுதல் செய்ய ஆக்ஞை பிறப்பித்துவிடலாம்; சரக்குப் பெட்டிகளைப் பறிமுதல் செய்தாலோ எஜமானர்களின் வியாபாரமே ஸ்தம்பித்துவிடும். 1854இல் அத்தேசத்தில் அடிமைமுறை ஒழிந்தது, பெட்டி நிலைத்தது. 1977இல் லிமா நகருக்குச் சென்ற கிதார் மேதை பாக்கோ தெ லூசியா, பெரு தேசத்துக் கலைஞர் கய்த்ரோ சோத்தோ இதனை வாசிக்கக் கேட்டு மயங்கி, பெட்டியைத் தம்மோடு ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். பிற்பாடு பலரும் அதனை ஸ்பானியச் சொத்தென்றே எண்ணத் தலைப்பட்டனர். 2001இல் பெரு அரசாங்கம் அதனைத் தன் தேசத்தின் கலாசாரச் செல்வம் என்று பிரகடனம் செய்தது.

இனி நிர்மாணம். உயரம் ஏறக்குறைய 48 செ.மீ.; அகலமும் ஆழமும் 30 செ.மீ. பக்கங்களுக்கும் மேலுக்கும் கீழுக்கும் 12 மி.மீ. பிளைவுட் போதும், முன்பலகை மட்டும் 3 மி.மீ. கனத்துக்கு மேற்படலாகாது. சாஸ்திரத்தின் மர்மமெல்லாம் இந்தப் பேதத்தில்தான் அடங்கியிருக்கிறது: மேற்பலகை வளைந்தால் வித்துவான் விழுவார், முன்பலகை வளையாவிட்டால் கச்சேரி விழும். ஒரே பெட்டி ஒரு முகத்தில் நாற்காலியின் வைராக்கியத்தையும் மறுமுகத்தில் மிருதங்கத்தின் இளகிய மனத்தையும் கொண்டிருக்க வேண்டுமென்றால், தச்சருக்கு மூலைமட்டத்தோடு சிறிது தத்துவ ஞானமும் தேவைப்படும்.

மூட்டுகளுக்கு மரப்பசை தடவி, இறுக்குவதற்கு வேறு சாதனம் இல்லையேல் கயிற்றால் வரிந்துகட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள் பிற்காலத்தில் தாளத்தோடு ‘கரகர’வென்னும் ஓர் உபதாளத்தையும் கேட்க நேரும். முதுகில் 11 செ.மீ. விட்டத்தில் துளையிடுவது உள்ளே அதிரும் காற்று வெளிப்படுவதற்காக. அடைத்துவிட்டால் நாதத்தின் ஆழம் குன்றிப்போகும். முன்பலகையைத் திருகாணிகளால் பிணைக்கையில் மேல் மூலைகளில் உள்ளவற்றைச் சற்றே தளர்த்தி வைப்பது மரபு. நடுவில் உள்ளங்கை பட்டால் ‘தொம்’மென்ற கனத்த ஒலி, அம்மூலைகளில் விரல் பட்டால் பலகை சட்டத்தில் மோதிப் ‘பட்’டென்று வெடிக்கும். வேலையில் அரைகுறையாக விட்ட திருகாணி குணமாகக் கொண்டாடப்படுவது தச்சுக்கலையில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

கடைசியாக வீட்டாரின் பூர்வபக்ஷம்: பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்குவதற்கு இதைவிட வாகான உயரமுள்ள முக்காலி கிடைக்குமா? கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே ஏறலாமா என்று வாதிப்பதை விடுத்து, பெட்டியைப் படுக்கப் போட்டு ஏறும் வழக்கமுள்ள அத்தைமார்களுக்கு 3 மி.மீ. பக்கம் எது என்று முன்கூட்டியே காட்டிவிடுவது உசிதம்.