டிக்கெட் அகத்திணை: ஆன்லைன் முன்பதிவுப் பிழைகளுக்கு ஒரு திணைப் பகுப்பு

ஆன்லைனில் டிக்கெட் வாங்கும்போது நேரும் பிழைகளைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் அவற்றை எண்ணால் வகுத்தார்கள். 403 என்றால் உள்ளே வர அனுமதி இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறித் தொந்தரவு செய்துவிட்டீர்கள். 503 என்றால் சர்வருக்கு மூச்சு முட்டுகிறது. 504 என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சர்வர் வாய் திறக்கவில்லை. பொறியாளருக்கு இந்தப் பகுப்பு சோறு போடும். டிக்கெட் வாங்குபவருக்கு இதனால் எள்ளளவும் பயனில்லை. அவர் திரையில் எண்ணே வருவதில்லை, "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, சற்று நேரம் கழித்து முயலவும்" என்ற ஒரே வாசகம்தான் எல்லா நோய்க்கும் வருகிறது. பிழையை அது எந்த எண்ணில் வருகிறது என்று பார்த்து வகுக்கக் கூடாது, வாங்குபவருக்கும் இருக்கைக்கும் இடையே அந்த நொடியில் என்ன உறவு நிலவுகிறது என்று பார்த்து வகுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அப்படி வகுக்கும் முறையைத் தொல்காப்பியர் ஏற்கெனவே செய்து வைத்துவிட்டார். குறிஞ்சியின் புணர்தல், பாலையின் பிரிதல், முல்லையின் இருத்தல், நெய்தலின் இரங்கல், மருதத்தின் ஊடல் ஆகிய ஐந்துக்குள்ளோ அவற்றின் ஓரங்களிலோ அடங்காத டிக்கெட் பிழை இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு திணைக்கு மருந்தாவது இன்னொரு திணைக்கு நஞ்சாகும் என்பதால், திணை தெரியாமல் வைத்தியம் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் கையில் கிடைத்த இருக்கையையும் கோட்டை விடுகிறார்கள்.

தொல்காப்பியர் வகுத்தது காதலை, இது வெறும் வியாபாரம், இரண்டையும் எப்படி முடிச்சுப் போடலாம் என்று மறுப்போர் கேட்பர். ஒரு பாடகரை இரண்டு மணி நேரம் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பதற்காக நான்கு கைப்பேசிகளையும் இரண்டு மடிக்கணினிகளையும் திறந்து வைத்துக்கொண்டு, சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருப்பவரின் நிலைக்கு வியாபாரம் என்று பெயர் வைப்பது எந்த இலக்கணத்துக்கும் அடுக்காது. இன்னொரு சான்றும் உண்டு. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது விதி. ஆன்லைன் வரிசையில் நிற்பவருக்கும் பெயர் கிடையாது. எண் மட்டுமே உண்டு. அந்தப் பக்கம் பிழையை அனுப்பியவர் யார் என்பதும் சுட்டப்படுவதில்லை. இவ்வளவு சுத்தமாக விதியைக் கடைப்பிடித்த அக இலக்கியம் சங்க காலத்துக்குப் பிறகு வேறில்லை. எண்ணால் வகுப்பதுதான் அறிவியல் என்று இன்னும் வாதிடுவோர், அதே எண் பட்டியலை ஒட்டி 1998 ஏப்ரல் முதல் தேதி வேடிக்கையாக வெளியான ஆவணத்தில் 'நான் ஒரு தேநீர்க் கெண்டி' என்பதற்கு 418 என்ற எண் ஒதுக்கப்பட்டதை நினைவில் கொள்க. கெண்டிக்கு இடமிருக்கும் உலகில் குறிஞ்சிக்கு இல்லாமல் போகாது.

முதலில் முல்லை. இதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். 2024 செப்டம்பர் 22 அன்று, மும்பையை அடுத்த டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் நடக்கவிருந்த கோல்ட்ப்ளே இசை நிகழ்ச்சிக்குப் புக்மைஷோ தளத்தில் விற்பனை தொடங்கியபோது, மாபெரும் முல்லை நிலம் ஒன்று உருவானது. ஏறத்தாழ 1.3 கோடிப் பேர் முயன்றதாகச் செய்தி வந்தது. மூன்று நாள் நிகழ்ச்சிக்கும் சேர்த்து இருக்கைகள் இரண்டு லட்சத்தை எட்டாது. இந்தத் திணையின் பிழை, பிழை போலவே தெரியாது என்பதுதான் அதன் சிறப்பு. ஒரு கோடு மெல்ல நகரும், அல்லது நகராது, பக்கத்தில் ஆறு இலக்கத்தில் ஓர் எண் நிற்கும். முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் ஊருக்கு வெளியே போய் விரிச்சி கேட்டது போல, இங்கே வாட்ஸ்அப் குழுவில் "உனக்கு எத்தனை?" என்று ஒருவரையொருவர் கேட்டு நற்சகுனம் தேடுவார்கள். இதற்குக் கணக்கே உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைகளைப் பற்றிய கணிதம் தொடங்குகிறது. ஆனால் எர்லாங் வரை போக வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஆளுக்கு நான்கு டிக்கெட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு லட்சம் இருக்கைகளை 50 ஆயிரம் பேர் காலி செய்துவிடுவார்கள். ஏழு லட்சமாவது எண்ணில் நிற்பவர் முல்லையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நெய்தலில் இருக்கிறார்.

முல்லைக்குரிய ஒழுக்கம் சும்மா இருப்பது. அதுதான் நம்மவர்களுக்கு வராது. பெரிய விற்பனைகள் பலவற்றில், நேரம் தொடங்குமுன் வந்து காத்திருப்பவர்கள் அனைவரையும் குலுக்கிப் போட்டுத்தான் எண் கொடுக்கிறார்கள். ஆகவே பத்து மணி விற்பனைக்கு விடியற்காலை நாலு மணிக்கே வந்து பக்கத்தைத் திறந்து வைப்பதால் தூக்கம் போகுமே தவிர இடம் முன்னே வராது. ஆனால் விற்பனை தொடங்கிய பிறகு வந்தால் கடைசிக்குத்தான் போக வேண்டும். கால் மணி முன்னதாக வந்தால் போதும். வந்த பிறகு பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யக் கூடாது. வரிசையில் நம் இடத்தை நினைவு வைத்திருப்பது அந்த பிரவுசரில் சேமிக்கப்பட்ட ஒரு சிறு அடையாளம். சில தளங்கள் ரெஃப்ரெஷ் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும், சில தளங்கள் வாலில் கொண்டுபோய் நிறுத்தும். எந்தத் தளம் எப்படி என்று சோதித்துப் பார்க்க விற்பனை நாள் உகந்ததல்ல. 'கேச் கிளியர் பண்ணு' என்று அறிவுரை சொல்லும் அத்தை மகன் இல்லாத வீடு கிடையாது. குக்கீயையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் அந்த அடையாளமும் போய்விடும் என்பதால், முல்லையில் அவரைக் கைப்பேசிப் பக்கமே விடக் கூடாது.

மருதத்தில் நிலைமை தலைகீழ். இங்கே ஊடல். தளம் நம்மை அறியும், ஆனால் அறியாதது போல முகம் திருப்பிக்கொள்ளும். கடவுச்சொல் தவறு என்னும்; நாம் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லும். ஓர் இயந்திரம் தன்னை மனிதன் என்று நம்ப வைக்க முடியுமா என்று ஆலன் டூரிங் 1950இல் கேட்டார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் மனிதன் தன்னை மனிதன் என்று இயந்திரத்தை நம்ப வைக்கப் போராட வேண்டியிருக்கிறது. ஒன்பது கட்டங்களில் போக்குவரத்து சிக்னல் எங்கெங்கே என்று கேட்கும்போது, விளக்கைத் தாங்கும் கம்பமும் சிக்னலில் சேருமா என்ற கேள்விக்கு எந்த உரையாசிரியரும் விளக்கம் எழுதவில்லை. மருதத்தில் தூது போகும் பாணனுக்கு 'வாயில்' என்று பெயர். இங்கே ஓடிபிதான் வாயில். அது வரத் தாமதமானால் 'மீண்டும் அனுப்பு' என்பதை மூன்று முறை அழுத்துகிறோம். பிறகு மூன்று பாணர்கள் வரிசை மாறி வந்து சேர்கிறார்கள். முதலில் வந்தவனை நம்பி ஆறு எண்ணையும் இடுகிறோம். கடைசியாக அனுப்பப்பட்டது மட்டுமே செல்லும் என்பதால் தலைவி வாயில் மறுக்கிறாள். மருந்து எளிது: முந்தின இரவே உள்நுழைந்து, கைப்பேசி எண்ணையும் பணம் செலுத்தும் வழியையும் சேமித்து, ஊடலை விற்பனைக்கு முன்பே தீர்த்துவிடுவது. முல்லையில் விலக்கப்பட்ட ரெஃப்ரெஷ், வெளியேறி மீண்டும் நுழைதல், பிரவுசரை மாற்றுதல் ஆகிய மூன்றும் இங்கே ஆகும், வரிசைக்குள் இன்னும் போகாதவரை.

மருதத்தின் எல்லையில் கைக்கிளை இருக்கிறது, ஒருதலைக் காமம். நாம் விரும்புகிறோம், தளம் நம்மை ஆளாகவே மதிக்கவில்லை. 403, 429 இரண்டும் இந்நிலத்துக் கருப்பொருள்கள். 2022 நவம்பர் 15 அன்று பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் இசைப் பயணத்துக்கான முன்விற்பனையில் தனக்கு 350 கோடி வேண்டுகைகள் வந்ததாக டிக்கெட்மாஸ்டர் சொன்னது. தானியங்கி நிரல்களின் தாக்குதலும் அதில் சேர்த்தி. அதன் பிறகு பொது விற்பனையே ரத்தாகி, அடுத்த ஜனவரியில் அமெரிக்க செனட் குழு கூடி விசாரித்தது. அவ்வளவு நெரிசலில் விபிஎன் போட்டுக்கொண்டு வருபவரும், ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கானோர் நுழையும் அலுவலக வைஃபையிலிருந்து வருபவரும், நொடிக்கு நான்கு முறை ரெஃப்ரெஷ் அழுத்துபவரும் நிரல்களைப் போலத்தான் தெரிவார்கள். விபிஎன்னை அணைத்துவிட்டு, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறி, சில நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கதவு திறக்கும்.

குறிஞ்சியில் அதிக நேரம் நிற்க வேண்டாம், அங்கே யாருக்கும் நேரம் இல்லை. இருக்கையைத் தொட்டதும் அது சில நிமிடங்களுக்கு நமக்கென்று பூட்டப்படுகிறது. மேலே கடிகாரம் ஓடுகிறது. இது களவுப் புணர்ச்சி. பணம் கட்டிக் கற்பாகும்வரை ஊரறியாது. திரையில் பச்சையாகத் தெரியும் இருக்கை சில நொடி பழைய படம் என்பதால், தொட்டதும் 'இது இப்போது கிடைக்கவில்லை' என்று வருவது இயல்பு. அதே இருக்கையை மறுபடி மறுபடி தொடுவது வீண். நடு வரிசையை விட்டு ஓரத்துக்குப் போக வேண்டும், ஐந்து பேரும் சேர்ந்தே உட்கார வேண்டும் என்ற பிடிவாதத்தை இரண்டிரண்டாகத் தளர்த்த வேண்டும். 'சீட் கிடைச்சாச்சு' என்று குழுவில் படம் போட்டு அலர் பரப்புவதைக் கடிகாரம் ஓடும்போது செய்பவர்கள் கற்பியலுக்கு வருவதில்லை.

பாலையே இவ்வாய்வின் நடு. பொருள்வயிற் பிரிவு என்பது தலைவன் பொருளுக்காகப் பிரிவது. இங்கே பொருளே பிரிந்து போகிறது. வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது, டிக்கெட் வரவில்லை. பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். பணம் செலுத்தும் பக்கமும் தளத்துக்குச் சொந்தமில்லை, வங்கிக்கும் சொந்தமில்லை. தளத்தைக் கேட்டால் வங்கியைக் கேட்கச் சொல்கிறார்கள், வங்கியைக் கேட்டால் தளத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். பாலையின் சிறுபொழுது நண்பகல்; கோல்ட்ப்ளே விற்பனை தொடங்கியதும் நண்பகல் 12 மணிக்கே என்பதை இலக்கண அறிஞர்கள் கவனிக்க வேண்டும். இந்நிலத்தில் செய்யக் கூடாதது, பதறிப் போய் உடனே இரண்டாம் முறை பணம் கட்டுவது. முதலில் தளத்தில் 'என் முன்பதிவுகள்' பகுதியையும் மின்னஞ்சலையும் பார்க்க வேண்டும். உறுதிப்படுத்தும் செய்தி மட்டும் தாமதமாகியிருக்கலாம். யுபிஐ பரிவர்த்தனையின் யுடிஆர் என்ற குறிப்பு எண்ணை எழுதி வைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று விட்ட சுற்றறிக்கையின்படி, பணம் எடுக்கப்பட்டு விற்பவருக்கு உறுதி போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தலைவன் திரும்பி வரும் நாள் இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்பட்ட பாலை சங்க இலக்கியத்தில்கூட இல்லை.

பாலை என்றால் வழிப்பறி செய்யும் ஆறலை கள்வரும் உண்டு. பணம் போன பதற்றத்தில் தேடுபொறியில் 'கஸ்டமர் கேர்' எண்ணைத் தேடுபவர்களுக்காகவே போலி எண்கள் காத்திருக்கின்றன. ரீஃபண்ட் தருவதாகச் சொல்லி யுபிஐ பின் எண்ணை இடச் சொல்வார்கள், அல்லது திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. மாட்டிக்கொண்டவர் உடனே அழைக்க வேண்டியது 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை.

இவ்வளவு பகுப்பும் எதற்கு, ஆள் அதிகம், இருக்கை குறைவு, கதை அவ்வளவுதான் என்பது எஞ்சிய தடை. வலுவான தடைதான். ஆனால் அதற்கும் திணை உண்டு, நெய்தல். விற்றுத் தீர்ந்தது என்ற செய்தி வந்ததும் இரங்குவது சரியே. உடனே இரங்குவது மட்டும் தவறு. பணம் கட்டத் தவறியவர்களின் பூட்டிய இருக்கைகள் கடிகாரம் முடிந்ததும் திரும்பி வருகின்றன. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பவருக்கு ஒற்றை இருக்கைகளாவது கிடைப்பதுண்டு. கோல்ட்ப்ளேவுக்கு மூன்றாம் நாள் நிகழ்ச்சி விற்பனை தொடங்கிய அன்றைக்கே சேர்க்கப்பட்டது, பின்னர் அகமதாபாத் நிகழ்ச்சியும் வந்தது. இந்தப் பொறுமை இல்லாதவர்கள் நேரே பெருந்திணைக்குப் போய், 2,500 ரூபாயில் தொடங்கிய டிக்கெட்டுக்குக் கள்ளச் சந்தையில் பல மடங்கு கேட்பவரோடு பொருந்தாக் காமம் கொண்டார்கள். 2024 அக்டோபரில் அமலாக்கத் துறை அந்நிலத்தில் சோதனை நடத்தியது; பிடிபட்டவற்றில் போலி டிக்கெட் விவகாரமும் உண்டு. இனி, டிக்கெட் கையில் இருந்தும் மைதானத்துக்குள் போக முடியாமல் நிற்பது, 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் பலருக்கு நேர்ந்தது போல, புறத்திணையைச் சேர்ந்தது. அதற்கு வேறு ஆய்வாளர் வேண்டும்.

டிக்கெட் தளங்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்றே செய்தி போடுங்கள்: வரிசையில் எங்கள் இடம் இருக்கிறதா, இருக்கை பூட்டப்பட்டிருக்கிறதா, பணம் போய்விட்டதா. திணையை நாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறோம்.