பத்து மணி நேரமும் ஒரு கோவணமும்

ஏலே பேராண்டி, இங்கன வந்து திண்ணையில உக்காரு. அந்தச் செல்போனை இன்னொருக்கா எடு. ஹெல்சின்கியில விமானம் மாற 10 மணி நேரம் கெடைக்குதுன்னு பாக்க வேண்டிய இடம்னு ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்கியே, அதை வாசி, கேப்போம்.

அடேயப்பா, 14 இடமா! கல்யாண வீட்டுல மொய் எழுதுற கணக்குப்பிள்ளைகூட இம்புட்டு வெரசா ஆளு மாறி ஆளைப் பாத்திருக்க மாட்டாரு.

ஒம்பதாவதா என்ன சொன்னே? பாறையைக் குடைஞ்சு கட்டின தேவாலயமா? டெம்பெலியாவுக்கியோ. 1969-ல திறந்தது, மேல செம்புக் கூரை, சுத்திலும் வெட்டின பாறையே சுவரு. நல்ல இடந்தான், இல்லைங்கல. நம்ம ஊருல இருந்து கழுகுமலைக்கு எம்புட்டு தூரம்? பஸ்ஸுல அரை மணி நேரம். ஒரே பாறையை உச்சியில இருந்து செதுக்கிக்கிட்டே கீழ இறங்கின வெட்டுவான் கோயிலு, ஆயிரம் வருசத்துக்கு மேல அங்கன நிக்குது. நீ ஒரு நாளாவது ஏறியிருக்கியா? பக்கத்துப் பாறை காத்துக் கெடக்க, ஹெல்சின்கிப் பாறைக்கு என்னலே அவசரம்? அதை அடி.

பொறவு அந்த மௌன ஆலயம். காம்ப்பிங்கிற இடத்துல 2012-ல மரத்தால கட்டினது. உள்ள போயி யாரும் பேசாம உக்காந்துட்டு வரலாம். ஏலே, அந்த ஊரு டிராமுல நான் போனேன். ஒரு பய வாயத் தொறக்கல. எழவு வீட்டுல பந்தி போடறப்பகூட நம்மாளுக அதைவிடச் சத்தம் போடுவான். அங்கன மௌனத்துக்குன்னு தனியா ஒரு கட்டடம் தேடிப் போறது, குத்தாலத்துக்குப் போயி குழாயடியில குளிக்கிற மாதிரி. அதையும் அடி.

என்ன முறைக்கிறே? ரெண்டு வருசம் முந்தி உங்க அத்தையப் பாக்க ஓஸ்லோ போனப்ப, இதே ஊருல இதே கதியில கெடந்தவன் நான். நீ படிச்சவன். நான் பட்டவன்.

வெளியவே போக வேண்டாம்னு ஒரு கட்சி உண்டு, அதையும் சொல்லிப்புடறேன். அந்த விமான நிலையத்துல பாத்தேன், சார்ஜ் போடற பொட்டியைச் சுத்தி ஆளுக, கெடை போட்ட ஆடு மாதிரி படுத்துக் கெடக்கு. ஒருத்தன் எந்திரிச்சா இன்னொருத்தன் அந்த எடத்துல போயிச் சாயுறான். ஊருக்குப் போயி, "பின்லாந்து பாத்தேன்"ம்பான். அவன் பாத்தது ஒரு பிளக்கு. நீயும் அதுல சேரலாம், செலவில்ல. ஒரு ரொட்டி மட்டும் வாங்கிராதே. நான் விலையக் கேட்டு ரூபாயில பெருக்கிப் பாத்தேன், பசி தானா அடங்கிருச்சு.

வெளிய போறதுன்னா மொதல்ல சட்டத்தைப் பாரு. ஷெங்கன் விசா இல்லாத நம்ம பாஸ்போர்ட்டு அந்த வாசலைத் தாண்டாது. அமெரிக்காவுக்குப் போறவன் அங்கன எறங்கினா உள்ளயே சுத்த வேண்டியதுதான். உனக்கு நார்வேக்காரன் படிக்கக் கொடுத்த விசா இருக்கு. ஷெங்கன் கூட்டுல 29 நாடு, நார்வேயும் பின்லாந்தும் அதுல உண்டு. ஹெல்சின்கியில உன்னை நிப்பாட்டிக் கேள்வி கேட்டு உள்ள விட்டுருவான். பொறவு நீ படிக்கப் போற டிராண்ட்ஹைமுக்குப் போறது தூத்துக்குடியில இருந்து திருநெல்வேலி போற மாதிரி. பெட்டி நேரா அங்க போயிருமான்னு மட்டும் இங்கனயே கேட்டுக்கோ. உங்க அப்பத்தா உப்புக்கண்டம் கட்டித் தாறேன்னு நிப்பா. கறி கொண்டு போக அங்கன தடை. கருவாட்டுக்குத் தடையில்ல. ஆனா விமானத்துல பக்கத்துச் சீட்டுக்காரன் தடை போடுவான்.

இப்ப கணக்குக்கு வா. கம்மாத் தண்ணிக்கு முறை வச்சு நாழிகை எண்ணினவன் நான், என்கிட்ட உன் செல்போனுக் கணக்கு பலிக்காது. காலைல 6 மணிக்கு எறங்குறே. அடுத்தது சாயங்காலம் 4 மணிக்கு. மொத்தம் 10. எறங்கி, வரிசையில நின்னு, வாசலைத் தாண்ட 1 மணி. ரயிலுக்குக் காத்து டவுனுக்குப் போக முக்கா மணி, திரும்பி வர முக்கா மணி. ரெண்டு மணி முன்னக்கூட்டியே வந்து பெல்ட்டைக் கழட்டி, செருப்பைக் கழட்டி நிக்கணும். மிச்சம் எம்புட்டு? அஞ்சரை. பாத்தியா, 10 ஏக்கர்னு பத்திரம் எழுதினான், அளந்தா அஞ்சரைதான் தேறுது. இதுல 14 பயிரு வைக்கப் போறே நீ.

ரயிலு நிலையத்துக்கு அடியிலயே இருக்கு. 2015-ல போட்ட வட்டப் பாதை. 'ஐ'ன்னு ஒரு வண்டி, 'பி'ன்னு ஒரு வண்டி, ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில கெளம்பும். எதுல ஏறன்னு கால் மணி நேரம் முழிச்சேன். பொறவுதான் தெரிஞ்சது, இடமாச் சுத்தினாலும் வலமாச் சுத்தினாலும் சன்னதி ஒண்ணுதான். அரை மணி நேரத்துல ரெண்டுமே டவுனு பெரிய ஸ்டேஷனுக்கு வந்துரும். 'ஏபிசி'ன்னு மூணு எழுத்தும் உள்ள நாள் டிக்கெட்டா வாங்கு. ரயிலு, டிராமு, தீவுப் படகு எல்லாம் அதுலயே அடங்கிரும். கேட்டு கெடையாது, மறிக்க ஆளு கெடையாது. அதனால சும்மா ஏறிரலாம்னு நெனைக்காதே. திடீர்னு பரிசோதகர் வருவாரு, அவரும் சத்தம் போட மாட்டாரு, அபராதச் சீட்டை மட்டும் மரியாதையா நீட்டுவாரு.

ஸ்டேஷன் வாசல்ல நாலு கல்லு ஆளுக, வாசலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா நிப்பாங்க, கையில உருண்டை வெளக்கு. 1919-ல திறந்த கட்டடம், எலியெல் சாரினென் கட்டினது. நம்ம கோயிலு துவாரபாலகர் மாதிரியேதான், கதாயுதம் மட்டும் இல்ல. கும்பிட்டுட்டுப் பக்கத்துல இருக்கிற லைப்ரரிக்குப் போ.

லைப்ரரியான்னு மூஞ்சியச் சுளிக்காதே. ஓடின்னு பேரு. 2018 டிசம்பர் 5-ல திறந்தான், மறுநா அவங்க சுதந்திர தினம். நாடாளுமன்றத்துக்கு நேர் எதிர்க்க வச்சிருக்கான். மேல் மாடியில புஸ்தகம், நடு மாடியில தையல் மெஷினு. ஆமாலே, தையல் மெஷினு. வாறவன் போறவன் தச்சுக்கலாம், துட்டு கெடையாது.

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் மூணு: யெஸ், நோ, டெய்லர். என் தோள்பை வார் விமானத்துலயே அறுந்து போச்சு. அங்கன நின்ன பொண்ணுகிட்ட வாரைக் காமிச்சு "டெய்லர்"னேன். அது சிரிக்கல, என்ன ஊருன்னு கேக்கல, காலியா கெடந்த ஒரு மெஷினைக் கை காமிச்சு நூலு கோத்துக் குடுத்துட்டுப் போயிருச்சு. எங்க அம்மா மெஷின்ல மிதிச்சுப் பழகின காலு எனக்கு. அது கரண்டு மெஷினு. நான் பழைய நெனப்புல ஒரு மிதி மிதிச்சேன், சனியன் சல்லுன்னு ஓடி வாரைத் தாண்டிப் பை வாய் வரைக்கும் தச்சுருச்சு. பிரிச்சு, ரெண்டாந்தரம் மெல்ல மிதிச்சேன். இந்தா பாரு, இந்த நீல நூலு கோணத் தையல், பின்லாந்து அரசாங்கத்து உபயம். உன் 14-ல எதுக்காவது இப்படி ஒரு ரசீது கெடைக்குமா?

பொறவு துறைமுகத்துப் பக்கம் பைய நட, இருவது நிமிசம். வழியில செனட் சதுக்கம் வரும், வெள்ளைத் தேவாலயம், பெரிய படிக்கட்டு. நடுவுல ரஷ்யாக்கார ராசா ரெண்டாம் அலெக்சாந்தர் சிலை. ரஷ்யாகிட்ட இருந்து 1917-ல பிரிஞ்சானுக, சிலையை மட்டும் அசைக்கல. படியில ரெண்டு நிமிசம் உக்காந்துட்டு எந்திரி.

கடலோரச் சந்தையில முய்க்குன்னு ஒரு பொடி மீனு பொரிச்சுத் தருவான். நெத்திலிக்கு அண்ணன். கம்பு மாதிரி ஒரு தானியம், ரை மாவு, அதுல பெரட்டித் தலையோட வாலோட பொரிப்பான். காயிதத் தட்டுல வாங்கி, அப்பத்தாவுக்குக் காட்டணும்னு போட்டோ எடுக்கக் கையத் தூக்கினேன். எங்கிட்டிருந்து வந்துச்சோ, ஒரு கடக்காக்கா, நம்ம வாத்து பருமன் இருக்கும், நாலு மீனை அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. போட்டோவுல தட்டும் ஒரு றெக்கையுந்தான் இருக்கு. மொதல்ல தின்னு, பொறவு போட்டோ எடு. கல்யாணத்துக்கும் இதே புத்திதான்.

காப்பி கேளு. ஆளுக்கு இம்புட்டுன்னு கணக்குப் பாத்தா காப்பி குடிக்கிறதுல உலகத்துல முன்வரிசை அந்த ஆளுகதான். பாலு கம்மி, புளிப்பு தூக்கல். அதுக்குத் தொட்டுக்க ஒரு லவங்கப்பட்டை பன்னு, கோர்வாபூஸ்தி. அந்தப் பேருக்கு அர்த்தம் காதோரம் ஒரு அறை. அஞ்சாங் கிளாஸுல வாய்ப்பாடு வராததுக்கு எனக்கு வாத்தியார் கொடுத்தது. அங்கன துட்டு குடுத்து வாங்கித் திங்கறான்.

யாராவது கறுப்பா ஒரு மிட்டாயி நீட்டினா, கருப்பட்டித் துண்டுன்னு நெனச்சு வாயில போட்டுராதே. சால்மியாக்கி. போட்டவுடனே என் நாக்குல எட்டு வயசு ஞாபகம் வந்துச்சு. ஈயம் பூசறவன் பித்தளைக் குடத்தைத் தணல்ல காட்டி, வெள்ளையா ஒரு பொடியத் தூவுவான், பொகை குபீர்னு எந்திரிச்சு மூக்கை அடைக்கும். அந்த நவச்சாரம்லே! அதைத்தான் மிட்டாயில கலந்து சப்புறான். ஒரு நாடே குடத்துக்குப் பூசறதை வயித்துக்குப் பூசுது. துப்பினா மரியாதையில்ல, நான் முழுங்கிட்டேன். நீ காயிதத்துல பொதிஞ்சு உன் புரொபசருக்குக் கொண்டு போ.

இனி மிச்ச நேரத்துக்கு ரெண்டு வழி. ஒண்ணு, படகுல கால் மணி நேரம் போனா சுவோமென்லின்னான்னு தீவுக் கோட்டை. 1748-ல சுவீடன்காரன் கட்ட ஆரம்பிச்சான், 1808-ல ரஷ்யாக்காரன் பிடிச்சான், இப்ப படகு விடறது பின்லாந்துக்காரன். பீரங்கி மேல புள்ளைக ஏறி வெளையாடுது, மதில் மேல புல்லு. ரெண்டாவது, சந்தைக்குப் பக்கத்துலயே கடலுக்குள்ள மெதக்கிற குளமும் சவுனாவும். தீவா, வேக்காடான்னு ஒண்ணை எடு. ரெண்டையும் எடுத்தா விமானம் உன்னை விட்டுட்டுப் போயிரும்.

நான் வேக்காட்டுக்குப் போனேன். 55 லட்சத்துக்கு மேல சனம், ஏறக்குறைய 30 லட்சம் சவுனா. அவுக நாடாளுமன்றத்துக்குள்ளயே ஒண்ணு உண்டு. உடுப்பில்லாம உக்காந்தா எது ஆளுங்கட்சி, எது எதிர்க்கட்சின்னு தெரியாது பாரு, அதான் சண்டை கம்மி.

ஆம்பளைகளுக்கு ஒரு ரூமு, பொம்பளைகளுக்கு ஒரு ரூமு. குளத்துக்குத்தான் நீச்சல் உடுப்பு. ரூமுக்குள்ள, குளிச்சுட்டுப் பொறந்த மேனிக்குப் போகணும். நான் துண்டுக்கடியில கோவணம் கட்டிக்கிட்டுப் போனேன். நம்ம ஊருல அதுக்கும் கீழ உடுப்பு இல்ல. அங்கன பாத்தா நான் ஒருத்தன்தான் மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கறேன். 80 டிகிரி சூடு. நம்ம கத்திரி வெயிலு ரெண்டு சேந்தாத்தான் அதுக்குச் சரி. பக்கத்துல ஒரு கெழவரு, என் வயசு, தொடையில கைய ஊணி உக்காந்திருந்தாரு. அகப்பையில தண்ணி மொண்டு கல்லு மேல ஊத்தினாரு. புஸ்ஸுன்னு ஆவி வந்து காதைத் திருகுச்சு. அந்த ஆவிக்கு லோய்லுன்னு பேரு. சுடுதான்னு கேக்கல, எந்த நாடுன்னு கேக்கல, கோவணத்தை ஒரு பார்வை பாத்தாரு, அம்புட்டுத்தான். கால் மணி நேரம் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம். மழைக்கு மேகம் பாத்துக்கிட்டு எங்க அய்யாவும் நானும் வரப்புல உக்காந்த மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சுப் போறப்ப ஒரு தலையசைப்பு. ஊருக்கு ஊரு அத்தனை பேருகிட்ட வாயாடியிருக்கேன், அம்புட்டு நல்ல பேச்சு பேசினதில்ல. பொறவு கடத்தண்ணிக் குளத்துல ஒரே முங்கு. ஆனி மாசந்தான், ஆனா எங்க கெணத்து மார்கழித் தண்ணிய அதுக்குப் பக்கத்துல வச்சா வெந்நி.

ஒண்ணேகாலுக்கு ரயிலேறினேன். பதட்டமில்ல. நான் பாத்தது மூணே இடம், மூணும் இன்னும் என்கிட்ட இருக்கு. 14 பாத்தவனைக் கேளு, போனைத் தடவித்தான் சொல்லுவான்.

பட்டியலை அடிச்சிட்டியா? நல்லது. இந்தா, இந்தப் பையவே கொண்டு போ. வார் அறுந்தா எங்கன தைக்கணும்னு தெரியும். கோவணத் துணி ஒண்ணு உள்ள வச்சிருக்கேன், கட்டத் தேவைப்படாது, மனத்தெம்புக்கு.

இன்னொண்ணு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வெள்ளன கெளம்பிக் கழுகுமலைக்குப் போயிட்டு வா, டிக்கெட்டுக்கு நானே துட்டு தாறேன். பஸ்ஸு ஒரு மணி நேரம் பிந்தித்தான் வரும். போனை வீட்டுல வச்சுட்டுப் போயி, புளியமரத்தடியில சும்மா உக்காந்து பழகு. அந்த ஒரு மணி நேரம் ஒனக்குக் கழிஞ்சுட்டா, ஹெல்சின்கி 10 மணி நேரம் உனக்குப் பத்தாது.