யார் செய்தது?

கேள்வி: காலையில் வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழமும் குங்குமமும் கிடந்தன. தெரியாமல் மிதித்துவிட்டேன். என்ன செய்வது? (ஒரு வாசகி, சாஆ)

பதில்: காலைக் கழுவுங்கள். சோப்பு இருந்தால் நல்லது. அப்படியே எதிர்வீட்டில் புதிதாக மைவி கார் ஏதும் வந்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். வந்திருந்தால் உங்களுக்கு வரவேண்டியது செய்வினை அல்ல, பூஜை போட்ட வீட்டுக் கேசரி.

கேள்வி: பில்லி, சூனியம், ஏவல் எல்லாம் நம்மவர்களின் மூடநம்பிக்கைதானே? வெள்ளைக்காரன் இதையெல்லாம் நம்புவானா? (லாபிஸ் வாசகர்)

பதில்: நம்பினானா! நாம் எலுமிச்சையை நறுக்கினோம், அவன் ஆளையே தூக்கில் போட்டான். ஐரோப்பாவில் 15 முதல் 18ஆம் நூற்றாண்டுவரை சூனியக்காரர் என்று கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் இருக்கும் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அமெரிக்காவின் சேலத்தில் (தமிழ்நாட்டுச் சேலம் இல்லை, மாம்பழக்காரர்கள் பயப்பட வேண்டாம்) 1692இல் 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். ஒருவரைப் படுக்கவைத்துப் பாறாங்கல் அடுக்கியே கொன்றார்கள். சாட்சி என்ன தெரியுமா? "இவருடைய உருவம் ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது." அதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்னொரு கூத்து: "ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் பிழைத்தார்கள். "ஐயோ, நான் இல்லை" என்று கடைசிவரை சொன்னவர்கள்தான் மாண்டார்கள். ஐந்து வருடம் கழித்து சாமுவேல் சூவல் என்ற நீதிபதி தேவாலயத்தில் எழுந்து நின்று பாவமன்னிப்புக் கேட்டார்.

பிரிட்டன் 1735இல் சட்டத்தையே தலைகீழாக்கியது. சூனியக்காரியைத் தண்டிப்பதை விட்டு, "எனக்குச் சூனியம் தெரியும்" என்று சொல்லிக்கொள்பவரைத் தண்டிக்க ஆரம்பித்தது. நல்ல திருப்பம். ஆனால் அதற்குள் கயிறு நிறையச் செலவாகியிருந்தது.

கேள்வி: வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று தொல்லை. ஒருவரிடம் மை போட்டுப் பார்த்தோம். "நெருங்கிய சொந்தம், பெண், பெயரில் 'மா' வரும்" என்றார். என் நாத்தனார் பெயர் மாலா. இனி என்ன செய்வது? (ஒரு மருமகள், சாஆ)

பதில்: முதலில் குடும்ப அட்டவணை ஒன்று போடுங்கள். மாலா, உமா, மாரியாயி, ரமா, பத்மா. அப்புறம் அம்மா, பெரியம்மா, சின்னம்மா. நம் வீடுகளில் 'மா' இல்லாத பெண்ணைக் கண்டுபிடிக்கத்தான் மை போட வேண்டும். உங்கள் மாமியாரைக்கூட விட்டுவிட்டு மாலாவைப் பிடித்தது மை அல்ல, நீங்கள். போன தீபாவளிக்கு அவருடன் ஏதோ மனத்தாங்கல் இருந்திருக்கும், அதுதான் கை நீட்டியது.

எவன்ஸ் பிரிச்சர்ட் என்ற ஆங்கிலேயர் ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களோடு தங்கி 1937இல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே தானியக் குதிர்கள் கட்டைக்கால் மேல் நிற்கும். வெயிலுக்கு அவற்றின் நிழலில் ஆட்கள் உட்காருவார்கள். ஒருநாள் குதிர் சரிந்து ஆள் மேல் விழும். கட்டையைக் கறையான் அரித்திருந்தது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: இந்த ஆள் கீழே உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் விழ வேண்டும்? அதற்குப் பதில்தான் சூனியம். நம் கதையும் அதுதான். கிளினிக்கில் டாக்டர் "சர்க்கரை 14" என்பார். "பக்கத்து வீட்டுக்காரனும் தினம் நாலு தே தாரேக் குடிக்கிறான், எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. மைக்காரரிடம் இருக்கிறது. தாயத்தும் தகடும் அவருடைய சில்லறை வியாபாரம். அவர் விற்கும் முதல் சரக்கு ஒரு பெயர். கவனியுங்கள், அந்தப் பெயர் கோலாலம்பூரில் இருக்கும் அந்நியருடையதாக ஒருநாளும் இருக்காது. உங்கள் அடுக்களை தெரிந்தவராகத்தான் இருக்கும்.

இந்தியாவில் இந்தப் பெயர் சொல்லும் வேலை கொலையில் முடிகிறது. பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதையே குற்றமாக்கின. பின்னால் சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான், அசாம் எல்லாம் சட்டம் போட்டன. அசாமின் பிருபாலா ராபா, மகனுக்கு உடம்பு கெட்டபோது மந்திரவாதியிடம் போனவர்தான். பையன் சீக்கிரம் செத்துவிடுவான் என்றார் அவர். பையன் சாகவில்லை. அன்றோடு பிருபாலாவின் பயம் செத்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய், சூனியக்காரி என்று துரத்தப்பட்ட பெண்களுக்காக நின்றார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

மாலாவுக்கு இன்று ராத்திரியே போன் போடுங்கள். மையைப் பற்றிப் பேச வேண்டாம். மீன் கறிக்கு மசாலா அளவு கேளுங்கள்.

கேள்வி: ஏன் எப்போதும் பெண்களையே பிடிக்கிறார்கள்? (கல்லூரி மாணவி, சிகாமட்)

பதில்: அதிலும் விதவை, பிள்ளை இல்லாதவர், பேரில் கொஞ்சம் நிலம் இருப்பவர். பேய் ஓடினால் நிலம் மிஞ்சும் அல்லவா? ஆனால் ஐஸ்லாந்தில் சூனியம் என்று எரிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். ஒரே ஒரு தீவிலாவது சமத்துவம் இருந்திருக்கிறது.

கேள்வி: கடைக் கல்லாவில் தினமும் பத்து இருபது வெள்ளி குறைகிறது. தோயோல் வேலை என்கிறார்கள். (மளிகைக்கடைக்காரர், யோங் பெங்)

பதில்: குழந்தை உருவில் வந்து திருடும் அந்தப் பேய்க்கு மலாய்க்கார நண்பர்கள் வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: பச்சைப்பயற்றைக் கொட்டி வைத்தால் அதில் விளையாடிக்கொண்டே வந்த வேலையை மறந்துவிடுமாம். பயற்றோடு ஒரு சிசிடிவியும் வையுங்கள். தோயோல் கேமராவில் விழாது. மச்சான் விழுவார்.

கேள்வி: படிக்காதவர்கள்தான் போமோவிடம், அதாவது மலாய் மந்திரவாதியிடம், போகிறார்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், குளுவாங்)

பதில்: சார், பகாங் மாநிலத்துப் பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் 1993இல் எதற்குப் போனார்? அரசியலில் இன்னும் மேலே ஏற. போனது மோனா ஃபெண்டியிடம். முன்னாள் பாடகி, பிற்பாடு போமோ. பூக்குளியல் முடிந்து கண்ணை மூடிப் படுத்துக் காத்திருந்தவர் கழுத்தில் கோடரி விழுந்தது. மோனா, அவருடைய கணவர், உதவியாள் மூவரையும் 2001 நவம்பர் 2 அன்று காஜாங் சிறையில் தூக்கிலிட்டார்கள். தோட்டத்து ஆள் போனால் நூறு வெள்ளியும் ஒரு கோழியும் போகும். பெரிய மனிதர் போனால் லட்சக்கணக்கில் போகும். படிப்பு ஆசையைக் குறைக்கவில்லை, தொகையைத்தான் கூட்டியது.

கேள்வி: உண்மையிலேயே சக்தி உள்ளவர் ஒருவர்கூடக் கிடையாதா? (பத்து பகாட் வாசகர்)

பதில்: கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டினார். உறையில் மூடிய ரூபாய் நோட்டின் எண்ணைச் சொன்னால்கூடப் போதும். 1978இல் அவர் இறக்கும்வரை பணம் அப்படியே இருந்தது. பிறர் வீட்டுக் குழம்பில் என்ன கலந்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஒரு நோட்டின் எண் தெரியவில்லை.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வீட்டில் யாரும் போனதே இல்லையா? (அதே மருமகள், சாஆ)

பதில்: மாட்டிக்கொண்டேன். எனக்கு ஏழு வயதில் காய்ச்சல் இறங்கவில்லை. பாட்டி தோட்டத்துச் சாமியாடியிடம் தூக்கிப்போனார். வேப்பிலை அடித்து, திருநீறு ஊதி, "கடைசி லயத்துப் பொம்பளை கொடுத்ததைத் தின்றிருக்கிறான்" என்றார். உண்மைதான், தின்றிருந்தேன். கணவரை இழந்த அந்த ஆயா, மைலோ டின் நிறைய முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தார். மறுவாரம் ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள், மருந்தில் தேறினேன். ஆனால் அந்த ஆயாவிடம் போய் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் எங்கள் படி ஏறுவது நின்றது. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார். டின்னை அம்மா திருப்பிக் கொடுக்கவே இல்லை. ரொம்ப நாள் அதில் புளி போட்டு வைத்திருந்தார்.