வயித்தக் காட்டச் சொல்லு

வா மருமகனே, உட்காரு. போன்ல நாலு படத்த அனுப்பிட்டு, "மாமா, யூ மரத்து வில்லு, நானூறு பவுண்டு, வாங்கட்டுமா?"ன்னு கேட்டிருக்க. பாத்தேன். நாலு படத்துலயும் தோட்டத்து பெஞ்சுல சாஞ்சுக்கிட்டு, கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கு. எண்ணெய் தேச்சா என் வழுக்கையும்தான் பளபளங்கும். அதுக்கு எவனாவது நானூறு குடுப்பானா?

விக்கிறவர் என்ன சொன்னாரு? பத்து அம்புகூட விட்டிருக்க மாட்டேன்னாரா? நம்ம ஊர்ல பழைய கார் எல்லாமே டாக்டர் ஓட்டுன வண்டி. இங்க பழைய வில்லு எல்லாமே பத்து அம்பு விட்ட வில்லு. கூடவே 1415 அஜின்கோர்ட் சண்டையையும் அவுத்து விட்டிருப்பாரே? அந்தக் கதைக்கு மட்டும் அம்பது பவுண்டு சேத்திருக்காருன்னு வெச்சுக்க. நெசமான போர்வில்லு பாக்கணும்னா போர்ட்ஸ்மத்துக்குப் போ, டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு வந்துரலாம். 1545ல முங்குன மேரி ரோஸ் கப்பல 1982ல தூக்குனாங்க. அதுல முழுசா 137 வில்லு கெடச்சுது. நூறு ராத்தலுக்கு மேல இழுவை, சிலது நூத்தம்பதையும் தாண்டுமாம். நீ ஊறுகா பாட்டில் மூடி தெறக்க உங்க அக்காளக் கூப்புடுற ஆளு. நாப்பது ராத்தல் போதும்யா உனக்கு.

எங்க அய்யா, அதான் உன் தாத்தா, சந்தையில மாடு பிடிக்கப் போனா கொம்புல அடிச்ச பெயிண்ட ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. நேரா வாயப் பொளந்து பல்ல எண்ணுவாரு. வில்லுக்குப் பல்லு வயித்துல இருக்கு. சிரிக்காத. அம்ப விடுறப்ப உன் பக்கம் பாக்குறது வயிறு, அந்தப் பக்கம் முதுகு. இங்கிலீஷ்காரனும் அப்படித்தான் சொல்றான்.

இந்த யூ மரத்துல ஒரு கூத்து இருக்கு. நம்ம ஆசாரி நெலைக்கதவுக்கு மரம் அறுத்தா வெளியில இருக்குற வெள்ளைய செதுக்கி எறிஞ்சுட்டு, உள்ள இருக்குற வைரத்த மட்டும் எடுப்பாரு. இங்க அந்த வெள்ளைதான் முதுகு. இழுக்குறப்ப முதுகு நீளணும், வெள்ளை நீண்டு குடுக்கும். வயிறு நசுங்கணும், வைரம் நசுக்கத் தாங்கும். ரெண்டும் ஒரே கட்டையில ஒட்டிப் பொறந்திருக்கு, பசை வேணாம். அதனாலதான் இந்த இங்கிலீஷ்காரனுங்க யூ மரத்துக்கு உசுர விட்டானுங்க. உள்ளூரு யூ பத்தாம, 1472ல சட்டமே போட்டாங்க: சரக்குக் கப்பல் வந்தா டன்னுக்கு நாலு வில்லுக்கட்டை கொண்டாரணும்னு. உன் ஆளு சர்ச் வாசல் யூ, உள்ளூரு யூன்னு பெருமை பேசுனா நீ பாட்டுக்குத் தலைய ஆட்டு. வெலைய ஏத்திராத.

வயித்த வெயில்ல திருப்பி, நகத்தால மெதுவா நீவு. குறுக்கால மயிரிழை மாதிரி கோடு தட்டுதா? இவங்க பாஷையில அது கிரிசல். நம்ம விரிசலுக்குப் பங்காளின்னு வெச்சுக்க. மரம் நசுங்கி மடிஞ்ச எடம். எந்த எண்ணெயும் அத ஆத்தாது. அப்பறம் முதுகுல பஞ்ச வெச்சு ஒரு இழுப்பு இழு. பஞ்சு மாட்டுனா அங்க சிலாம்பு எந்திரிச்சிருக்கு. கணு இருக்கேன்னு மட்டும் பயந்துராத. யூன்னா கணு இருக்கும். நல்ல கைக்காரன் கணுவச் சுத்திக் கொஞ்சம் சதை விட்டிருப்பான், தடவுனா மேடு தெரியும். மேடு இல்லாம வழவழன்னு சீவியிருந்தா, செஞ்சவனுக்கு அவசரம்.

நாண் கழட்டுன வில்லத் தரையில வெச்சுப் பாரு. ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் கூன் விழுந்திருந்தா பரவால்ல, எனக்கும்தான் விழுந்திருக்கு. அதுக்கு மேலன்னா வில்லு சோம்பேறி. நாண் மாட்டச் சொல்லு. கைப்பிடிக்கு நடுவால நாண் போகுதா? வில்லோட மேல் கையும் கீழ் கையும் ஒண்ணுபோல வளையுதா, இல்ல ஒரே எடத்துல கதவுக்கீல் மாதிரி மடங்குதா? மடங்குனா அங்கதான் ஒரு நாள் ஒடியும்.

வில்ல மட்டும் பாத்துட்டு வந்துராத, விக்கிறவர் கையையும் பாரு. வில்லுல 40, 28ன்னு எழுதியிருந்தா 28 அங்குலம் இழுத்தா நாப்பது ராத்தல்னு அர்த்தம். அவர் ஆறடி ஆளா, கை நீளமா, முப்பதங்குலம் இழுத்துப் பழகுனவரா? அப்ப அந்த வில்லு இத்தன நாளா வாயில்லாம அழுதுக்கிட்டு இருந்திருக்கு. வீட்டுல எங்க மாட்டி வெச்சிருந்தீங்கன்னு அப்பாவி மாதிரி கேளு. "கணப்புக்கு மேல, செவுத்துல அழகா"ம்பாரு. சுத்தமாக் காஞ்சு போச்சுன்னு மனசுல எழுதிக்க. அம்பு இல்லாம வெறும் நாண இழுத்து டொய்ங்குன்னு விட்டுக் காட்டுனாருன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு. அது வில்லக் கொல்ற வேலை.

நாண் பழசு, கைப்பிடித் தோல் கிழிஞ்சிருக்குன்னு பேரம் பேசாத, அதெல்லாம் சில்லறைக் காசு. நுனிக்கொம்பு பேந்திருந்தாலும் மாத்திக்கலாம். ஹிக்கரி மரத்துல முதுகு வெச்சு ஒட்டுன வில்லு பாதி வெலைக்குக் கெடைக்கும், உனக்கு அதுவே தாராளம். ஆனா நீ கேக்க மாட்ட. நானும் உன் வயசுல கேக்கல.

நான் மொதல்ல வாங்குன வில்லுல மேல் கையில பச்சை நூல் சுத்தி அம்புட்டு அழகா இருந்துச்சு. அழகுக்குன்னு நெனச்சேன். மூணாம் நாள் பாதி இழுக்கையில பட்டுன்னு ஒரு சத்தம். மேல் துண்டு என் தொப்பியோட போயி வேலியில விழுந்துச்சு. எடுத்துப் பாத்தா நூலுக்குள்ள பழைய விரிசல், பசை போட்டு அமுக்கியிருக்கான். உங்க அத்தை அந்தத் துண்ட நாப்பது வருஷமா ஜன்னலுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்கா, பாத்திருப்பியே.

சனிக்கிழமை நானும் வர்றேன். நீ பேசு, நான் காது கேக்காத கெழவனா நிக்கிறேன். நாலாவது படத்த மறுபடி பாத்தியா? கைப்பிடிக்கு ஒரு சாண் மேல செவப்பு நூல் சுத்தியிருக்கு. அத அவுத்துக் காட்டச் சொல்லு. அவுத்தா முன்னூறுல ஆரம்பிப்போம். அவுக்கலேன்னா நாப்பது பவுண்டுகூட வேணாம், வீட்டுல ஜன்னல் ஒண்ணுதான் இருக்கு.