தலைவர் வீட்டுக்காரருக்கு ஒரு பாராட்டு

ஐயா, ஒலக்கூர் ஒன்றியம் என்றில்லை, மயிலம், மரக்காணம், வானூர் என்று விழுப்புரம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் உங்களைப் பார்க்கலாம். ஊராட்சி மன்றத் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில், வேட்புமனு போடாமல், ஒரு ஓட்டும் வாங்காமல், பதவியை முழுசாகச் சுமக்கும் பெரியவர் நீங்கள். பேர் சொல்லி எழுதவில்லை. ஒருவரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள்.

உங்கள் உழைப்பைச் சொல்ல வேண்டும். விடிந்ததும் பைக்கை எடுக்கிறீர்கள். முன்பக்கம் சிவப்பு எழுத்தில் ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று பலகை. டேங்க் ஆபரேட்டருக்குப் போன், தெருவிளக்கு போடுகிறவருக்குப் போன், பத்து மணிக்கெல்லாம் பி.டி.ஓ. ஆபீஸ் வாசல். ஊராட்சிப் பணத்தை விடுவிக்கத் தலைவரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். பெண்டிரைவ் மாதிரி இருக்கும் அந்தச் சாவி உங்கள் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. தீர்மான நோட்டுக்காகத் தலைவரை ஆபீசுக்கு அலைய விடுவதில்லை நீங்கள். அது வீட்டுக்கே வருகிறது. அடுப்படி வாசலில் நின்று, “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு” என்று விரல் வைத்துக் காட்டுகிறீர்கள். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போடுகிறார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கும் சிரமம்கூட அவருக்கு இல்லை.

இத்தனை கரிசனம் நேற்று முளைத்ததில்லை. உங்களுக்கு முன்னோர் இருக்கிறார்கள்.

1917 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். பெண்களின் கல்வி பற்றி அவரிடம் பேச வேண்டும் என்று, பெண்ணுரிமைக்குப் போராடிய மார்கரெட் கசின்ஸ் நேரம் கேட்டார். அரசியல் கோரிக்கையோடு வருகிறவர்களைத்தான் பார்ப்பார் என்று பதில் வந்தது. சரி, ஓட்டுரிமையும் கேட்கிறோம் என்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் நின்றார்கள். பள்ளிக்கூடம் கேட்கப் புறப்பட்டவர்கள் ஓட்டும் கேட்க வேண்டியதாயிற்று. பிறகு ஓட்டுரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகம் இருக்கிற நிலையில் பெண்களுக்கு ஓட்டு என்பதற்கு இன்னும் காலம் வரவில்லை என்றது. கோஷாவில் இருக்கும் பெண்கள் சாவடிக்கு எப்படி வருவார்கள் என்று அந்தக் கனவான்களுக்குக் கவலை. “வெயில்ல அவ எதுக்கு அலையணும், நான் பாத்துக்கறேன்” என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது. திட்டி அனுப்பவில்லை, ஐயா. இரக்கப்பட்டுத்தான் அனுப்பினார்கள்.

1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களின் ஓட்டுக்கு இருந்த தடையை எடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களில் முதலில் எடுத்தது இதுதான். ஆனாலும் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. பெண் பேரில் நிலம் எழுதாத நாட்டில் அது எத்தனை பெண்களுக்குக் கிடைத்திருக்கும்? 1935ஆம் வருடச் சட்டம் அதற்கும் வழி கண்டது. கணவனுக்குச் சொத்துத் தகுதி இருந்தால் மனைவிக்கும் ஓட்டு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் உங்களை அப்போதே மனசில் வைத்திருக்கிறார்கள்.

சுதந்திரம் வந்து எல்லாருக்கும் ஓட்டு என்றானது. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதப் போனபோது, பெரும்பாலும் வடக்கே, பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதிக்கொண்டு வந்தார்கள். சொந்தப் பேர் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். சுமார் 28 லட்சம் பெண்களின் ஓட்டு அந்தத் தேர்தலில் இல்லாமல் போனது. பெண்டாட்டி பேரை வெளியாள் காதில் விழாமல் காத்த புருஷர்கள் அத்தனை பேர்! நீங்கள் அவர்களைவிட ஒருபடி மேல். உங்கள் மனைவியின் பேர் பட்டியலில் இருக்கிறது, வாக்குச்சீட்டில் இருந்தது, ஆபீஸ் பலகையிலும் இருக்கிறது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நீங்கள் வைத்த ஃபிளெக்சில்கூட இருக்கிறது, தபால்தலை அளவுப் படத்தின் கீழே. ஆள் உயரத்துக்குக் கும்பிட்டு நிற்கும் உங்கள் படத்தின் ஓரமாக.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தினார்கள். அதற்கு முன்னாலும் 73ஆவது திருத்தம் தந்த மூன்றில் ஒரு பங்கு இருந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் இந்தப் பாதிக் கணக்கில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. இடஒதுக்கீடு வந்ததும் துவண்டுபோகாமல், “நம்ம வூட்ல நிக்கட்டும்” என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான். உங்கள் கீர்த்தி தில்லி வரைக்கும் போயிருக்கிறது. பெண் தலைவர்களுக்குப் பதிலாக அவர்கள் வீட்டு ஆண்கள் நிர்வாகம் பண்ணும் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அதை ஆராய மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023இல் ஒரு குழுவே போட்டது. ஒன்றியக் கவுன்சிலர்கூட அடையாத பெருமை.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. தானே சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ போய், தானே பேசி, தானே சண்டை போடும் பெண் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்காரர்களுக்கு உங்கள் அளவு பொறுப்புணர்ச்சி இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள்.

ஒரு கிராம சபையில் உங்கள் திறமையைக் கிட்ட இருந்து பார்த்தேன். தலைவர் நடு நாற்காலியில், நீங்கள் பக்கத்தில், மைக் உங்கள் கையில். காலனிப் பக்கத்து அம்மா ஒருத்தர் எழுந்தார்.

“மூணு நாளா எங்க தெருவுல தண்ணி ஏறல. இன்னா பண்றது?”

தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் நீங்கள், “புது போர் போட்டுடலாம்மா, தீர்மானம் எழுதிக்கறோம்” என்றீர்கள். கை தட்டினார்கள். தலைவர் பக்கத்திலிருந்த வார்டு உறுப்பினரிடம் மெல்லச் சொன்னது முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது: “போர் எதுக்குக்கா? கேட் வால்வு போயிருக்கு. மாத்தினா ஏறும்.” நோட்டில் போர்தான் ஏறியது. பத்து வருஷமாக மகளிர் குழுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர் அவர், எந்தத் தெருவில் எந்தக் குழாய் என்று தெரிந்தவர். அந்த அறிவை இப்படிப் பத்திரமாக, யாருக்கும் பயன்படாமல் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்.

அவருக்கு ஏன் பேசத் தெரியவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். பேச விட்டால்தானே தெரியும்? முத்துலட்சுமி ரெட்டியும் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டில் படித்தவர்தான். புதுக்கோட்டையில் பையன்கள் கல்லூரியில் அவர் சேரக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. மன்னர் அனுமதித்தார், சேர்ந்தார். 1912இல் டாக்டர், 1927இல் சென்னைச் சட்டசபையில் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் அந்தச் சபையில் எழுந்து நின்று தானே பேசினார். கணவர் டாக்டர் சுந்தர ரெட்டி கூடவே எழுந்து பதில் சொல்லவில்லை. நம் பழைய தென்னார்க்காட்டிலேயே கடலூர் அஞ்சலையம்மாள் இருந்தார். சென்னையில் நின்ற வெள்ளைக்காரத் தளபதி நீலன் சிலையை அகற்றப் போராடி, சிறைக்குப் போய், 1937 தேர்தலில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனவர். அதே பழைய மாவட்டத்தின் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் 2020 அக்டோபரில் வெளியானது. உங்கள் வீட்டுத் தலைவருக்கு நாற்காலி உண்டு. இதையும் உங்கள் கணக்கில் எழுத வேண்டும்.

உங்கள் மகள் திண்டிவனம் அரசுக் கல்லூரிக்கு பஸ்ஸில் போகிறாள். அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. “எம்பொண்ணு டிகிரி படிக்குது” என்று டீக்கடையில் நீங்கள் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருக்கிற பெருமை நிஜம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. 21 வயதானால் அவளும் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம். அம்மாவின் கையெழுத்து எங்கே, எப்படிப் போடப்படுகிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

ஐயா, இத்தனை வருஷம் உழைத்துக் களைத்திருப்பீர்கள். அடுத்த கிராம சபை அன்று ஒருநாள் ஓய்வெடுங்கள். சாவியையும் நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வால்வு கதையை அவரே சொல்லிக்கொள்வார். மத்தியானச் சோற்றுக்கு உலை வைப்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.